இறங்கிச் சுற்றிய கம்பி

மச்சானும் மாப்பிள்ளையும் பேசாமல் இருப்பதற்குப் போடிப் பக்கம் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. வரப்பு இருக்கிறது, கிணற்றுப் பங்கு இருக்கிறது, பந்தியில் யாருக்கு முதலில் இலை போட்டார்கள் என்பது இருக்கிறது. எங்களுக்கு வாய்த்தது ஒரு ரேடியோ.

எழுபதுகளின் கடைசியில் என் ஒரே தங்கையை மலையில் கட்டிக்கொடுத்தேன். அப்பா அம்மா இல்லாத வீடு. பெண் பார்த்தது, பேசி முடித்தது, பந்தியில் தண்ணீர் ஊற்றியது எல்லாம் நான்தான். மாப்பிள்ளை போடிமெட்டுப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் எஞ்சின் பார்ப்பவர். எனக்குப் போடி பஸ் ஸ்டாண்டுக்கு அடுத்த தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை. சீரில் கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் கடையில் வாங்கியது. ரேடியோ மட்டும் நானே செய்தது.

நானே செய்தது என்றால் ஏதோ டப்பாவுக்குள் கம்பியைத் திணித்தது என்று நினைக்க வேண்டாம். தேக்குப் பெட்டி. முகப்பில் மினுங்கும் துணி. கடல் தாண்டிய ஸ்டேஷன்கள் எல்லாம் அதில் பக்கத்து வீட்டில் பேசுவதுபோல் கேட்கும். கல்யாணத்தன்று மாப்பிள்ளை சீர்வரிசையை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து அதன் முன்னால் நின்றார். கம்பெனிப் பெயர் இருக்கவேண்டிய இடத்தை விரலால் தடவினார்.

“இது எந்தக் கம்பெனி மச்சான்?”

“நம்ம கம்பெனிதான் மாப்ளே.”

“அப்பக் கேக்குமா?”

“காதுள்ளவனுக்குக் கேக்கும்.”

பக்கத்தில் அவருடைய அப்பா நின்றிருந்தார். பெரியவருக்குக் காது மந்தம். கூப்பிட்டால் கேட்காது, தொட்டால்தான் திரும்புவார். இது பெண் பேசப் போனபோதே எனக்குத் தெரியும்; வாய் பேசும்போது மூளை வேறு சோலியாகப் போயிருந்தது. நான் சொன்னது பெரியவருக்குக் கேட்கவில்லை. அவர் பாட்டுக்குப் பெட்டியைத் தட்டிப் பார்த்து நல்ல மரம் என்றார். மண்டபத்தில் மற்ற எல்லோருக்கும் கேட்டது.

மாப்பிள்ளை அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. அவர் என் தொழிலைச் சொன்னார், நான் அவர் அப்பாவைச் சொன்னதாக ஆகிவிட்டது. இரண்டில் எது பெரிது என்று தீர்ப்புச் சொல்ல ஆளில்லை. மறுவீட்டு விருந்துக்கு வரவில்லை. தங்கையின் பிரசவம்கூட மேலேயே நடந்தது. தாயில்லாத வீட்டுக்கு எதற்கு அனுப்ப வேண்டும் என்றார்களாம். நியாயம்தான். நியாயமாக இருப்பதால் எரிச்சல் ஒன்றும் குறைந்துவிடாது.

பெண் குழந்தை என்று ஜீப் டிரைவர் வந்து சொன்னார். தோட்டத்து ஜீப் தினமும் கீழே இறங்கி, அரிசியும் ஆளும் லோடு ஏற்றிக்கொண்டு மேலே போகும். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஓடிய ஒரே வண்டி அது. நான் குழந்தைக்குச் சட்டை கொடுத்துவிட்டேன். அளவு சரியாக இருந்ததாக டிரைவர் சொன்னார். போய்ப் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் மனக்கசப்பான வீட்டுக்குக் கூப்பிடாமல் போகமாட்டோம். கூப்பிடுவது என்றால் வீட்டுக்காரர் தன் வாயால், வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட வேண்டும். ஆள் விட்டுச் சொன்னால் அது தகவல், அழைப்பாகாது.

குழந்தை நடக்க ஆரம்பித்திருந்த வருஷம், கார்த்திகை முதல் வெள்ளிக்கிழமை காது குத்து என்று அதே டிரைவர் தகவல் சொன்னார். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். தாய்மாமன் வராவிட்டால் பங்காளி ஒருவரை உட்கார வைத்து நடத்திவிடுவார்கள். காதில் ஓட்டை விழுந்துவிடும். பிறகு அந்தப் பிள்ளைக்கு மாமன் என்று ஒருவன் இருந்தான் என்பது கதையாகப் போகும். நான் ஒன்றும் கேட்காதவன்போல் சாலிடரிங் இரும்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். 

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதுதான் தோட்டத்து முதலாளி எங்களை ஒரு கம்பியின் இரண்டு நுனிகளில் கட்டினார்.

முதலாளிக்குப் போடியில் ஏலக்காய்க் கமிஷன் கடை. மேலே தோட்டத்தோடு பேச ஒரு டெலிபோன் லைன் இருந்தது. முதல் மழைக்கு அதன்மேல் மரம் விழும். மழை விட்டால் யானை கம்பத்தில் முதுகு தேய்க்கும். சலித்துப்போய், லைசென்ஸ் எல்லாம் வாங்கி, இரண்டு வயர்லெஸ் செட்டுகளை வாங்கிவிட்டார். ஒன்று போடிக் கடை மாடியில், ஒன்று தோட்டத்து விளிம்பில் போடியைப் பார்த்திருக்கும், காவலாள் தங்குகிற சாளையில். கூடவே வந்த குச்சி ஆண்டெனாக்களை வைத்துப் பேசிப் பார்த்தோம். எண்ணெயில் அப்பளம் பொரிக்கிற சத்தம் வந்தது. முதலாளி அதைச் சரிசெய்கிற வேலையை எனக்குத் தந்தார்.

“நீதான் ஏதாச்சும் செய்யணும்ப்பா. மேல ஒன் மாப்ள இருக்காரு, கீழ நீ இருக்க. குடும்பத்துக்குள்ளேயே முடிஞ்சிரும்.”

எங்கள் குடும்பத்துக்குள் எதுவும் முடியாது என்பது ஊரில் அவர் ஒருவருக்குத்தான் தெரியாது.

மதுரையில் பழைய புத்தகக் கடை ஒன்றில் எடைக்கு வாங்கிய வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று என்னிடம் இருந்தது. அதில் ஹெலிக்கல் ஆண்டெனா என்று ஒன்றைப் போட்டிருந்தார்கள். பார்க்கப் பெரிய ஸ்பிரிங். ஒரு பக்கம் வட்டமான வலை, அதன் நடுவிலிருந்து கம்பி சுருண்டு சுருண்டு நீண்டு நிற்கும். எந்தத் திசைக்கு நீட்டுகிறோமோ அந்தத் திசையை மட்டும் கேட்கும், அங்கே மட்டும் பேசும். மற்ற ஆண்டெனாக்களை நூல் பிசகாமல் வெட்ட வேண்டும். இதில் அந்தத் தொல்லை இல்லை. சுற்று கொஞ்சம் பெரிதானாலும் சரி, இடைவெளி கூடக்குறைய ஆனாலும் சரி, பொறுத்துக்கொள்ளும். ஓர் ஆண்டெனாவுக்கு இவ்வளவு பெருந்தன்மையா என்று எனக்கே பிடித்துப்போனது.

கணக்கு சுலபம். ஒரு சுற்றின் நீளம் ஓர் அலையின் நீளம். எங்கள் செட்டுக்கு அது இரண்டடிக்குக் கொஞ்சம் கூட. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே அதில் கால் பங்கு. பத்துச் சுற்று போதும். கம்பி கிளம்புகிற இடத்தில் முதல் கால் சுற்றை மட்டும் வலையை ஒட்டிப் படுக்க வைத்தால் கேபிளோடு ஒத்துப்போகும்.

எதன்மேல் சுற்றுவது என்று கடை முழுக்கத் தேடினேன். எதுவும் ஒத்துவரவில்லை. முதலாளி வீட்டில் நெல் அளக்கிற மரக்கால் ஒன்று கிடந்தது. சரட்டை வைத்துச் சுற்றிப் பார்த்தேன். அலைநீளம் அப்படியே இருந்தது. வலைக்கு ஏலக்காய் சலிக்கிற பெரிய சல்லடை இரண்டு வேண்டும் என்று கடைப் பெண்களிடம் கேட்டேன். காய் தரம் பிரிக்கிற சல்லடையில் வானத்தைச் சலிக்கப் போகிறான் என்று அவர்கள் சிரித்தார்கள். சிரித்தாலும் கொடுத்தார்கள்.

இரண்டையும் நானே செய்து ஒன்றை மேலே அனுப்பினேன். ஜீப்பில் லோடுக்கு மேலே வைத்துக் கட்டியிருந்தது. அரிசி மூட்டைமேல் ஏறிப் போன ஆட்கள் அதை ஸ்பிரிங் சீட்டு என்று நினைத்திருக்க வேண்டும். மேலே போய்ச் சேரும்போது தோசைக்கல் மாதிரி ஆகியிருந்ததாம். கம்பியை நிமிர்த்தி மாப்பிள்ளையையே சுற்றச் சொல்லுங்கள், இன்னொன்றுக்குக் கம்பி இல்லை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

அளவை எப்படிச் சொல்வது? மாப்பிள்ளைக்குச் சீட்டு எழுதினால் அது நான் முதலில் பேசியதாக ஆகிவிடும். ஒரு சணல் சரட்டை வெட்டி டிரைவரிடம் கொடுத்தேன். சரடு முழுக்க ஒரு சுற்று. முடிச்சு வரைக்கும் இடைவெளி.

“பத்துச் சுத்துன்னு சொல்லுங்கண்ணே. வலமாச் சுத்தணும். அது ரொம்ப முக்கியம். ரெண்டும் ஒரே பக்கமாச் சுத்தியிருக்கணும், இல்லாட்டி ஒண்ணு பேசுறது ஒண்ணுக்குக் கேக்காது.”

அது பத்திரிகையில் போட்டிருந்தது. இந்த ஆண்டெனா பொறுக்காத ஒரே தப்பு அதுதான். இதன் அலை திருகிக்கொண்டே போகும். வலத் திருகில் கிளம்பியதை வலத் திருகுதான் வாங்கும். இடத் திருகு முன்னால் நின்றாலும் சுவரில் முட்டியது மாதிரி. சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கட்டும் என்றுதான் வலம் என்று சொல்லி அனுப்பினேன். கோயிலைச் சுற்றுவது வலம், செக்கைச் சுற்றுவது வலம், புது வண்டி வாங்கினால் எலுமிச்சம்பழத்தோடு சுற்றுவதும் வலம். இடமாகச் சுற்றுவது சுடுகாட்டில் மட்டும். இதில் தப்பு நடக்க வழியே இல்லை என்று நினைத்தேன்.

என்னுடையதைச் சுற்றும்போது நான் மரக்காலைத் தரையில் வைத்து, அடியில் கம்பியின் நுனியைக் கட்டி, கோயில் கர்ப்பகிரகத்தைச் சுற்றுவதுபோல் அதை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு சுற்றி வந்தேன். கம்பி சுற்றுக்கு மேல் சுற்றாக ஏறியது. கழற்றி இழுத்து விட்டபோது அழகாக இருந்தது. இன்றைக்கும் சொல்வேன், அழகாகத்தான் இருந்தது.

ஆவணியில் இரண்டும் தயார். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பேசிப் பார்ப்பது என்று ஏற்பாடு. நான் மொட்டை மாடியில் நின்று மலை விளிம்பை நேராகக் குறிபார்த்து ஆண்டெனாவை நிறுத்தினேன். சுவிட்சை அழுத்தி, “ஒண்ணு ரெண்டு மூணு, ஓவர்” என்றேன். ஓவர் என்றால் என் பேச்சு முடிந்தது, இனி உன் முறை என்று அர்த்தம். மேலேயிருந்து ஒன்றும் வரவில்லை. அப்பளம் பொரிகிற சத்தம்கூட இல்லை. குச்சி ஆண்டெனாவே தேவலை என்று முதலாளி சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஜீப் மூலமாக.

“ஒழுங்கா வலமாத்தான் சுத்துனாரான்னு கேளுங்கண்ணே. எஞ்சினுக்கு எண்ணெய் ஊத்துறதும் இதுவும் ஒண்ணு இல்ல.”

மறுநாள் பதில் வந்தது. “வலமாத்தானாம். நீங்க சௌக்கியமான்னு கேட்டாக.”

“சௌக்கியம்னு சொல்லுங்க. சல்லடையில கேபிள் ஒட்டியிருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. கண்ணு தெரியுமில்ல?”

“ஒட்டியிருக்காம். ஒங்க கடை நல்லா ஓடுதான்னு கேட்டாக.”

இந்த மனிதர் இவ்வளவு மரியாதையாகப் பதில் சொல்கிறாரே என்று எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. டிரைவர் வழியில் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நான் கண் தெரியுமா என்று கேட்டதை, பிள்ளைக்குக் கண்ணூறு கழித்தார்களா என்று கேட்டதாக மேலே சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை அங்கே உண்மையில் என்ன சொன்னார் என்பதை டிரைவர் கடைசிவரை சொல்லவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. டெலிபோன் வழக்கம்போல் செத்தது. பிறகு அடிவாரத்து முந்தலுக்கு மேலே ஒரு கொண்டையூசி வளைவில் மண் சரிந்து ரோடு போய்விட்டது. ஜீப்பு மேலே மாட்டிக்கொண்டது. இப்போது டிரைவரும் இல்லை. முதலாளி மாடிக்கு வந்து மலையைப் பார்ப்பார், ஆண்டெனாவைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். இறங்கிப் போவார். மழையில் மேலே அரிசி இருக்கிறதா, யாருக்காவது சீக்கா என்று அவருக்குக் கவலை. எனக்கும் அந்தக் கவலை இருந்தது. அதோடு கார்த்திகை முதல் வெள்ளி பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. ஜீப்பு இருந்தபோது வராத அழைப்பு இனி எதில் வரப்போகிறது?

ஒரு நாள் காற்று ரொம்ப அடித்தது. சாயங்காலம் மாடிக்குப் போனால் ஆண்டெனா கட்டுத் தளர்ந்து, மலை விளிம்பை விட்டு விலகித் திரும்பியிருந்தது. வலப்பக்கம் தள்ளி, மரம் மட்டை இல்லாமல் மொட்டையாக ஒரு பெரிய பாறைச் சரிவு உண்டு. மழை பெய்தால் தகரம்போல் மின்னும். ஆண்டெனா அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. எப்படியும் வராத சத்தம் எங்கே பார்த்தால் என்ன என்று திருப்பாமலே செட்டைப் போட்டேன்.

“…கேக்குதா அண்ணே? கேக்காட்டிப் பரவால்ல, நாஞ் சொல்லிர்றேன்.”

என் தங்கையின் குரல். கல்யாணத்தன்று காரில் ஏறும்போது அழுதுகொண்டே போய்வர்றேன் என்று சொன்னதற்குப் பிறகு நான் அந்தக் குரலைக் கேட்கவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. நான் அப்படியே மழையில் உட்கார்ந்துவிட்டேன்.

“அவரு காய் காய வைக்கிற ஸ்டோர்ல தீ போட்டுக்கிட்டிருக்காரு. என்னைய வந்து ஒண்ணு ரெண்டு சொல்லிட்டு வரச் சொன்னாரு. ஒண்ணு ரெண்டு எத்தன நாளைக்குண்ணே சொல்றது. வர்ற வெள்ளிக்கெழம பாப்பாவுக்குக் காது குத்து. ஒன் மடியிலதான் குத்தணும்னு இருக்கேன். அவரு மனசுலயும் அதுதான். வாயில வரமாட்டேங்குது. ஓவர்.”

சொல்ல எவ்வளவோ இருந்தது. சுவிட்சை அழுத்தினேன்.

“கேக்குது. ஓவர்.”

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அதுவும் தெளிவாகக் கேட்டது. ஆண்டெனா நல்ல ஆண்டெனாதான்.

அழுகிற தங்கையிடம் வேறு என்ன கேட்பது என்று தெரியாமல், மாப்பிள்ளை கம்பியை எப்படிச் சுற்றினார் என்று கேட்டேன்.

“வலமாத்தான் சுத்துனாரு. நாந்தான் பக்கத்துல நின்னேன். வெட்டுன மரத்தோட அடிக்கட்டை ஒண்ணு நின்னுச்சு, அதுல உச்சியில முடிஞ்சு, சுத்திச் சுத்திக் கீழ எறக்குனாரு. ஓவர்.”

“உச்சியிலேருந்தா? நான் அடியிலேருந்து ஏத்துனேன். ஓவர்.”

“ஏத்துனா என்ன, எறக்குனா என்ன. ரெண்டும் வலந்தானே. ஓவர்.”

இரண்டும் வலம்தான். பாறையைப் பார்த்துத்தான் கேட்கிறது என்று அவளிடம் சொல்லிவிட்டு, கடைக்கு வந்து இரண்டு பேனாவில் நூல் சுற்றிப் பார்த்தேன். ஒன்றில் கீழேயிருந்து மேலே, ஒன்றில் மேலேயிருந்து கீழே, இரண்டிலும் வலமாக. பக்கத்தில் வைத்தால் ஒன்று இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, ஒன்று அந்தப் பக்கம். தலைகீழாகத் திருப்பினாலும் மாறவில்லை. வலம் வந்துகொண்டே ஏறினால் ஒரு திருகு, வலம் வந்துகொண்டே இறங்கினால் நேர் எதிர்த் திருகு. பள்ளத்தில் இருப்பவன் மேல்நோக்கிச் சுற்றியிருக்கிறான், மலையில் இருப்பவன் கீழ்நோக்கிச் சுற்றியிருக்கிறான். யாரும் தப்புச் செய்யவில்லை. இரண்டு பேர் சரியாகச் செய்தால் இவ்வளவு கெடும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பாறையைப் பார்த்தபோது கேட்டது ஏன் என்பதற்கும் பத்திரிகையில் பதில் இருந்தது. இந்த அலை எதிலாவது மோதித் திரும்பினால் திருகு மாறிவிடும். வலம் இடமாகும், இடம் வலமாகும். மாப்பிள்ளை பேசியது நேராக வந்தால் எனக்கு ஆகாது. பாறையில் பட்டு மாறி வந்தால் ஆகும். காற்று மேலேயும் அடித்து, அவர் ஆண்டெனாவையும் பாறைப் பக்கம் கொஞ்சம் திருப்பியிருக்க வேண்டும். எங்கள் ஜீப் டிரைவர் செய்த வேலைதான். அவர் பாறையைவிட நேர்த்தியாகச் செய்தார்.

இப்போது யாராவது ஒருவர் கம்பியைக் கழற்றித் திருப்பிச் சுற்ற வேண்டும். அவரைச் சுற்றச் சொல்லலாம். சொன்னால், நீ சுற்றியது தப்பு என்று ஆகும். ஏற்கெனவே அவர் அப்பா காதைப் பற்றி ஒன்று சொல்லியாகிவிட்டது. நான் சுற்றினால், நான் இறங்கிப் போனேன் என்று ஆகும். மூத்தவன், பெண்ணைக் கொடுத்தவன், தொழில் தெரிந்தவன். கடையில் உட்கார்ந்து வெகுநேரம் கோபமாக இருந்தேன். கோபப்பட எதிரில் ஆள் இல்லாததால் அது நிலைக்கவில்லை. பங்காளி ஒருவர் மடியில் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். அவர் வெற்றிலை போட்டுத் துப்புகிற மனிதர்.

மறுநாள் காலையில் ஆண்டெனாவைக் கழற்றினேன். மரக்காலின் உச்சியில் கம்பியைக் கட்டினேன். இடமாகச் சுற்ற மனம் வரவில்லை; சுற்றவும் தேவையில்லை. வலமாகவே வந்தேன். இறங்கிச் சுற்றினேன். எங்கள் பக்கம் இறங்கிப் போகிறவனுக்கு ஒரு பேர் உண்டு. அது நல்ல பேர் இல்லை. மாடியில் என்னைத் தவிர யாரும் இல்லை என்பது வசதியாக இருந்தது.

சாயங்காலம் விளிம்பை நேராகக் குறிபார்த்து நிறுத்திவிட்டுச் செட்டைப் போட்டேன். முதலாளியையும் கணக்குப்பிள்ளையையும் கூப்பிட்டு வைத்திருந்தேன். அவசரப்பட்டுவிட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. பழையபடி செத்த அமைதி. கேபிளைப் பார்த்தேன், சல்லடையைப் பார்த்தேன், முதல் கால் சுற்றைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. முதலாளி முன்னால் அழக்கூடாது என்பதற்காக ஆண்டெனாவை ஓங்கி ஒரு தள்ளுத் தள்ளினேன். அது சுழன்று போய் மொட்டைப் பாறையைப் பார்த்து நின்றது.

“…மச்சான், கேக்குதா? நான் மாத்திட்டேன் மச்சான். ஓவர்.”

மாப்பிள்ளை. ரேடியோவைத் தடவிப் பார்த்துவிட்டு எந்தக் கம்பெனி என்று கேட்ட அதே குரல்.

“என்னத்த மாத்துனீக? ஓவர்.”

“கம்பியத்தான். ஒங்க தங்கச்சி சொன்னா, நீங்க அடியிலேருந்து ஏத்துனீகன்னு. நீங்க தொழில்காரவுக, ஒங்களுது சரியாத்தான் இருக்கும்னு நானும் அடியிலேருந்து ஏத்திச் சுத்திட்டேன். நேராப் பாத்தா இன்னும் கேக்க மாட்டேங்குது. அதான் அவ சொன்ன பாறைப் பக்கம் திருப்புனேன். ஓவர்.”

கணக்குப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் சுவிட்சை அழுத்தினேன்.

“நானும் மாத்திட்டேன் மாப்ளே. நீங்க எறக்குனீகன்னு சொல்லுச்சு. நானும் எறங்கிச் சுத்திட்டேன். ஓவர்.”

பாறையில் மழை பெய்துகொண்டிருந்தது. அதில் மோதி அவருடைய சிரிப்பு வந்தது. முதலில் சிரிப்பு என்று தெரியவில்லை; செட்டில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

“அப்ப நான் பழையபடி மாத்திர்றேன். நீங்க பெரியவுக. ஓவர்.”

“வேணாம் மாப்ளே, ஒங்களுக்கு ஸ்டோர்ல சோலி கெடக்கும். நானே மாத்துறேன். ஓவர்.”

“நீங்க மழையில நிக்காதீக மச்சான். நான் மாத்துறேன். ஓவர்.”

“நாளைக்கு ரெண்டு பேரும் மாத்தி வச்சிறக் கூடாதுப்பா” என்று முதலாளி சொன்னார். நியாயமான பயம்.

“யாரும் மாத்த வேணாம் மாப்ளே. பாறையப் பாத்தே இருக்கட்டும். நல்லாத்தானே கேக்குது. ஓவர்.”

“நல்லாக் கேக்குது. மதி மச்சான்.” மதி என்றால் போதும், மலைக்காரர்கள் மலையாளத்தில் பழகிய சொல். அதற்கு ஓவர் சொல்லவில்லை. அவர் முறை இன்னும் முடியவில்லை என்று புரிந்தது. காத்திருந்தேன்.

“மச்சான்… வர்ற வெள்ளிக்கெழம காலையில முனியாண்டி கோயில்ல பாப்பாவுக்குக் காது குத்து. நீங்க வந்து மடியில வச்சு நடத்திக் குடுக்கணும். வெத்தல பாக்கு வச்சுக் கூப்புடணும், ரோடு இல்ல. இங்க தட்டுல வச்சுக் கையில ஏந்திக்கிட்டுத்தான் பேசுறேன். சுவிச்சை ஒங்க தங்கச்சி அழுத்திக்கிட்டிருக்கா. எடுத்துக்கங்க மச்சான். ஓவர்.”

முதலாளி தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது. நான் கையை நீட்டவில்லை என்று சொன்னால் பொய்.

“எடுத்துக்கிட்டேன் மாப்ளே. ஓவர்.”

வியாழக்கிழமை விடியலில் முந்தலிலிருந்து பழைய நடைபாதை வழியாக ஏறினேன். தலையில் சீர்க்கூடை. பட்டுப் பாவாடை, வளையல், தங்கத்தில் கம்மல், வெற்றிலை, பழம். இந்தத் தடவை எதையும் நானே செய்யவில்லை. அட்டை கடித்தது, இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்தேன், கூடையை விடவில்லை. மேலே போய்ச் சேரும்போது மாப்பிள்ளை பாதைக்குப் பாதி வந்து நின்றிருந்தார். கூடையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. நேரில் எங்களுக்கு அது வருவதில்லை.

வீட்டுக்குள் அலமாரியில் தேக்கு ரேடியோ செய்தி சொல்லிக்கொண்டிருந்தது. 

பாப்பா என்னைப் பார்த்தவுடன் ஓடிப்போய் அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டாள். என் தங்கையின் நெற்றி அவளுக்கு. மறுநாள் கோயிலில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள். கனமாக இருந்தாள். அந்தக் கனத்தை என் தொடையில் இப்போதும் சொல்ல முடியும். எதிரில் பெரியவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, இத்தனை நாளாக நான் ஏன் வரவில்லை என்று எல்லோரிடமும் சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் சொல்லாததால் அவருக்கு விஷயமே தெரியாது.

ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். “எந்தப் பக்கம் மொதல்ல? வலமா, இடமா?”

“இடம்” என்றேன். அதே நேரத்தில் மாப்பிள்ளையும் “இடம்” என்றார். பெண் பிள்ளைக்கு இடக் காதுதான் முதலில். இதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை.

ஆசாரி குத்தினார். பாப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். நான் அவளுக்கு ஏதோ துரோகம் செய்துவிட்டேன் என்று முடிவு செய்தாள். பிறகு வாயைத் திறந்து அழுதாள் பாருங்கள், கோயில் மணி தோற்றுப்போகும்.

ஸ்டூலில் இருந்த பெரியவர் நிமிர்ந்தார். காதைத் தொட்டுப் பார்த்தார்.

“கேக்குது” என்றார். “டேய், எனக்குக் கேக்குதுடா.”

நான் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. அவர்தான் பிள்ளையின் காதைத் துடைக்கிற சாக்கில் என் பக்கம் குனிந்தார்.

“காதுள்ளவுகளுக்குக் கேக்கும்னு நீங்க அன்னைக்கே சொன்னீக” என்றார் மெதுவாக. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “ஓவர்.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மடியில் பிள்ளை இருந்ததால் இரண்டையும் அடக்கிக்கொண்டு, மறு காதைக் காட்டினேன்.